பழைய விண்டோஸா, புதியதா? கடை மடிக்கணினிக்கு நான் முடிவெடுத்த விதம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் தட்டச்சு செய்து தரும் சின்னக் கடை எங்களுடையது. தைப்பூசம் நெருங்கினால் ராத்திரி பதினொன்று வரைக்கும் வேலை ஓடும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து, பத்திரிகை அடிக்க வருகிறவர்கள்கூட "அக்கா, என் லேப்டாப்பை 11-க்கு மாத்தணுமா?" என்று கேட்கிறார்கள். கடையில் இருந்த இரண்டு மடிக்கணினிகளுக்கும் நான் வேறு வேறு முடிவு எடுத்தேன். காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் கணினியால் முடியுமா என்று பாருங்கள். ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து 'சிஸ்டம்' போனால் புரோசசர் பெயர் தெரியும். இன்டெல் என்றால் ஐ3, ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கவனியுங்கள். 8250 என்று இருந்தால் எட்டாம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏறும். 6200, 7200 என்றால் ஆறாம், ஏழாம் தலைமுறை, ஏறாது. 10210 போல ஐந்து இலக்கமாக இருந்தால் பத்தாம் தலைமுறை, கவலையே இல்லை. அடுத்தது டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு. பல கணினிகளில் அது இருக்கும், பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்பில்) அணைந்து கிடக்கும். அதைத் தொடுவதற்கு முன் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பார்த்து, அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் கை வைத்ததும் அந்தச் சாவியைக் கேட்டு நிற்கக்கூடும்.

ராம் 4 ஜி.பி. போதும் என்று மைக்ரோசாப்ட் சொல்கிறது. என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்: 4 ஜி.பி.யில் பிரவுசரையும் பக்க வடிவமைப்பையும் சேர்த்துத் திறந்தால் வேலையே நடக்காது. 8 இருக்கட்டும். இன்னும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் என்றால், விண்டோஸைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் எஸ்.எஸ்.டி. மாற்றுங்கள்.

இனி உங்கள் வேலை. இதைத்தான் யாரும் கேட்பதில்லை, எனக்கு இதுதான் முக்கியம். என் பழைய மடிக்கணினியில் வேண்டுமென்றே 32 பிட் விண்டோஸ் 10 போட்டு வைத்திருந்தேன். அப்பா காலத்துத் தமிழ்த் தட்டச்சு நிரல் 16 பிட். 64 பிட் விண்டோஸில் அது திறக்கவே திறக்காது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பு என்பதே கிடையாது. யூனிகோடு என்கிற பொது எழுத்துக் குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த பத்திரிகைகள் நூற்றுக்கணக்கில் என்னிடம் உண்டு. எழுத்துருக் கோப்பைப் புதிய கணினியில் ஏற்றிவிடலாம். நிரலை ஏற்ற முடியாது. உங்களிடமும் பழைய கணக்கு மென்பொருளோ ஸ்கேனரோ இருந்தால், அதற்கு விண்டோஸ் 11 டிரைவர் உண்டா என்று தயாரிப்பாளரின் பக்கத்தில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மறுபக்கம், வங்கிக் கணக்கும் வருமான வரி இ-ஃபைலிங்கும் பார்க்கிற கணினி பாதுகாப்புத் திருத்தம் வராத விண்டோஸில் ஓடக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உடனே மாற வசதியில்லை என்றால் 'இ.எஸ்.யூ.' என்கிற நீட்டிப்பில் பதிந்துகொள்ளுங்கள். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் இலவசம், இல்லையென்றால் 30 அமெரிக்க டாலர். கணினி விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்க வேண்டும்.

ஏறாத கணினியில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்று சிலர் 80 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். வேண்டாம். அப்படிப் போட்டதற்குப் புதுப்பிப்பு வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை. இணையமும் கடிதமும் மட்டும் போதும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்கிற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். 2029 வரை ஆதரவு உண்டு, தமிழும் தட்டலாம். அம்மாவின் பழைய கணினியில் அதைத்தான் போட்டிருக்கிறேன்.

எதைச் செய்தாலும் முதலில் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள், எடுத்த நகலை இன்னொரு கணினியில் திறந்தும் பாருங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு பழுது பார்க்கும் கடையில் கொடுத்தேன். கேட்காமலே எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வருடத்துப் பத்திரிகைகள் போயின. "அண்ணன் கல்யாணத்துக்கு அடிச்சதே தம்பிக்கும் வேணும்" என்று வந்த குடும்பத்திடம் இல்லை என்று சொன்னது இன்னும் வலிக்கிறது.

மாறிய பிறகு பிடிக்கவில்லை என்றால், 10 நாளுக்குள் செட்டிங்ஸில் 'ரிகவரி' வழியாக விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம். அதனால் பண்டிகை நெருக்கத்தில் மாற்றாதீர்கள். அந்தப் பத்து நாளில் உங்கள் பிரிண்டர், எழுத்துரு எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க நேரம் வேண்டும்.

எட்டாம் தலைமுறை மடிக்கணினிக்கு விண்டோஸ் 11 ஏற்றிவிட்டேன். வங்கி, மின்னஞ்சல், புதுப் பத்திரிகை எல்லாம் அதில்தான். ஆறாம் தலைமுறை விண்டோஸ் 10-லேயே இருக்கிறது. வைஃபையை அணைத்து, மூடியில் 'இணையம் கூடாது' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் அதிலிருந்து பழைய பத்திரிகைகளை ஒவ்வொன்றாக எடுத்து யூனிகோடுக்கு மாற்றுகிறேன். 1998-இல் அடித்தவற்றிலிருந்து தொடங்கினேன், இப்போது 2003-இல் அடித்தவை வரை வந்திருக்கிறது.