இருதய சத்திரசிகிச்சைக்குப் பின் பசியும் நிறையும்: வீட்டில் நாம் விடுகிற தவறுகள்

பைபாஸ் சத்திரசிகிச்சை முடிந்து என் மாமனாரைக் கொழும்பிலிருந்து மட்டக்களப்பிலுள்ள கல்லடிக்குக் கூட்டி வந்த மூன்றாம் நாள், அவருக்கு விருப்பமான பாரைமீன் குழம்பும் முருங்கையிலைச் சுண்டலும் கோப்பையில் இருந்தும், அவர் இரண்டு வாய் உண்டுவிட்டு ஒதுக்கி வைத்தார். "இன்னும் ரெண்டு வாய் எண்டாலும் தின்னுங்க" என்று மாமி கெஞ்சிக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் பாமசித் தராசில் ஏற்றிப் பார்த்தபோது நிறை இரண்டு கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. "சதை போடுது" என்று வீடே மகிழ்ந்தது. ஒரு மனிதர் ஒன்றுமே உண்ணாமல் எப்படிச் சதை போடுவார் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அன்றிரவு அவர் படுக்க முடியாமல், தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தார். கூடியது சதை அல்ல, உடலில் தேங்கிய நீர் என்பது மறுநாள் வைத்தியரிடம் போன பிறகுதான் தெரிந்தது.

எங்கள் முதல் தவறு அதுதான்: பசியை ஒரு பக்கமாகவும் நிறையை இன்னொரு பக்கமாகவும் பார்த்தோம். தராசு காட்டுகிற எண் நீர், தசை, கொழுப்பு மூன்றும் சேர்ந்த கூட்டுத்தொகை. சத்திரசிகிச்சைக்குப் பிந்திய மாதங்களில் இந்த மூன்றும் வெவ்வேறு வேகத்தில், சில வேளை எதிரெதிர்த் திசைகளில் மாறுகின்றன. இருதய நுரையீரல் இயந்திரத்தின் உதவியோடு செய்யப்படும் சத்திரசிகிச்சையின்போது உடலுக்குள் செல்லும் திரவத்தால் முதல் நாட்களில் நிறை சில கிலோ கூடுவது வழமை. அந்த நீர் சிறுநீராக வெளியேறும்போது நிறை இறங்கும். அதே காலத்தில், படுக்கையில் கிடப்பதாலும் காயம் ஆறுவதற்கு உடல் தன் சேமிப்பிலிருந்தே எடுப்பதாலும் தசையும் கரையும். வீக்கம் வற்றிய பிறகு காலையில் வருகிற எண்ணையே அடிப்படை நிறையாக வைத்துக்கொள்ள வேண்டும். சத்திரசிகிச்சைக்கு முந்திய நிறையோடும், வைத்தியசாலையில் வீங்கியிருந்தபோது குறித்த நிறையோடும் ஒப்பிட்டுக் கவலைப்படுவதில் பயனில்லை.

பசி வராததைக் கண்டு பதறுவது அடுத்த தவறு. நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சை உடல் முழுவதிலும் ஓர் அழற்சியை ஏற்படுத்துவதால் பசி மங்குகிறது. வலிமாத்திரைகள் குமட்டலையும் மலச்சிக்கலையும் தருகின்றன. நாக்கில் உலோகச் சுவை தட்டுகிறது. சமையலறையிலிருந்து வரும் தாளிப்பு வாசனையே சிலருக்கு ஓங்காளத்தைக் கொண்டுவருகிறது. பெரும்பாலானோருக்கு இரண்டு வாரம் தொடக்கம் ஆறு வாரங்களுக்குள் சுவையும் பசியும் படிப்படியாகத் திரும்புகின்றன. அதுவரை மூன்று வேளையும் கோப்பை நிறையச் சோற்றைப் போட்டு முன்னால் வைத்தால், அதைப் பார்த்தவுடனேயே நோயாளிக்கு மனம் தளர்ந்துவிடும். சிறிய கோப்பையில் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கொடுப்பதும், சூடான உணவின் மணம் ஒத்துவராவிட்டால் ஆறிய இடியப்பத்தையோ தயிரையோ கொடுப்பதும், உணவுக்குச் சற்று முன்னர் வயிறு நிறையத் தேநீரோ தண்ணீரோ கொடுக்காமலிருப்பதும், கெஞ்சுவதை விட நன்றாக வேலை செய்கின்றன. மலம் இறுகிப்போனவருக்குப் பசிக்காது என்பதையும் நாங்கள் தாமதமாகவே விளங்கிக்கொண்டோம். முக்குவது புண்பட்ட நெஞ்சுக்கும் நல்லதல்ல. ஆகவே பப்பாசிப்பழம் போதாவிட்டால் மலமிளக்கியைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாக்கில் வெள்ளையாக மாப் படிந்தது போல இருந்தால் அது பூஞ்சணத் தொற்றாகவும் இருக்கலாம். வைத்தியர் மருந்து தருவார்.

இனி, நம்மூர்ப் பத்தியம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிக தீங்கு அன்பின் பேரில் இங்கேதான் நடக்கிறது. அறுத்த உடம்பு என்றால் முட்டை ஆகாது, இறால் ஆகாது, கத்தரிக்காயும் தக்காளியும் கிரந்தி, புண் சீழ் கட்டும் என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்து, கடைசியில் குழைந்த சோறும் மிளகுத்தண்ணியும் மட்டுமே மிஞ்சும். காயம் ஆறுவதற்கும் கரைந்த தசை திரும்புவதற்கும் புரதம் வேண்டும். குணமடையும் காலத்தில் ஒரு கிலோ நிறைக்கு ஏறத்தாழ 1.2 தொடக்கம் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ உள்ளவருக்கு அது நாளொன்றுக்கு 72 தொடக்கம் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், உள்ளங்கையளவு மீன்துண்டில் சுமார் 20 கிராம், கெட்டியாகக் காய்ச்சிய பருப்பு அரைக் கப்பில் சுமார் 8 கிராம் என்று கூட்டிப் பார்த்தால், மிளகுத்தண்ணிச் சோறு எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பது விளங்கும். வாவியும் கடலும் பக்கத்திலிருக்கிற ஊரில் ஒருவர் புரதக் குறைவால் மெலிவது எனக்கு இன்றும் ஆற்றாமையாகவே இருக்கிறது. சிறுநீரகக் குறைபாடு உள்ளவருக்கு மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாது; அவருக்குரிய அளவை வைத்தியரே சொல்ல வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. இருதய நோய் என்றதுமே எண்ணெய், தேங்காய்ப்பால், முட்டை, இறைச்சி அனைத்தையும் முதல் நாளிலிருந்தே நிறுத்தி, ஏற்கெனவே பசியற்றிருப்பவரின் முன்னால் அவித்த மரக்கறியை வைப்பது. முதற் சில வாரங்களில் போதுமான அளவு உண்பதே முக்கியம். முதற்பால் சேர்க்காத சொதியும் கொஞ்சம் எருமைத்தயிரும் அப்போது யாரையும் கெடுத்துவிடா. கொழுப்பை இறுக்கிப் பிடிக்கும் காலம் பசி திரும்பிய பிறகு வருகிறது.

உப்பு விடயத்தில் அந்தச் சலுகை கிடையாது. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உப்பைப் பரிந்துரைக்கிறது. வாய்க்கு ருசியில்லை என்று நோயாளி சொன்னதும் நாம் கருவாட்டைப் பொரித்துக் கொடுக்கிறோம், மாமைட்டைச் சுடுநீரில் கரைத்துக் கொடுக்கிறோம், சூப் கட்டியைப் போட்டுக் காய்ச்சுகிறோம். மூன்றிலும் உப்பே மிகுதி; உப்பு நீரைப் பிடித்து வைக்கும்; நீர் தராசில் ஏறும். தேசிக்காய்ப்புளி, இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி ஆகியவற்றால் அந்த ருசியின் பெரும்பகுதியை ஈடுசெய்யலாம். பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் மோல்ட் மாவும் கிறீம் பிஸ்கட்டும் நீரிழிவு உள்ளவரின் சீனியை ஏற்றிவிடும் என்பதால், அவற்றைப் பேரப்பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிடுவது எங்கள் வீட்டு நடைமுறை.

இளநீரைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. உடம்பின் சூட்டைத் தணிக்கும் என்று நாளைக்கு இரண்டு மூன்று இளநீர் வெட்டிக் கொடுப்பது நம் பக்கத்தில் சாதாரணம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். இருதயம் பலவீனமானவர்களுக்கும் குருதி அமுக்கத்துக்கும் கொடுக்கப்படும் ஸ்பைரோனோலக்டோன், லோசாட்டன், எனலாபிரில் போன்ற குளிசைகள் பொட்டாசியத்தை உடலில் தங்க வைப்பவை. இரண்டும் சேர்ந்து அளவு மிஞ்சினால் இருதயத் துடிப்பே குழம்பக்கூடும். நீரின் மொத்த அளவுக்கு வைத்தியர் கட்டுப்பாடு விதித்திருந்தால் இளநீர், சொதி, கஞ்சி, தேநீர் எல்லாமே அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

நிறை பார்ப்பதிலும் பிழை விடுகிறோம். ஒரு நாள் காலையில் சாரத்தோடு வீட்டிலும், இன்னொரு நாள் மத்தியானச் சோற்றுக்குப் பின் சப்பாத்தோடு பாமசியிலும் பார்த்தால், அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் எதையும் சொல்லாது. காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, தேநீர் குடிப்பதற்கு முன்னர், ஒரே மாதிரியான உடையோடு, ஒரே தராசில், பாயிலோ கம்பளத்திலோ அல்லாமல் சீமெந்துத் தரையில் வைத்துப் பார்க்க வேண்டும். மாமாவின் கட்டிலருகே ஒரு பழைய கொப்பியைத் தொங்கவிட்டோம். திகதி, நிறை, கால் வீக்கம், முதல்நாள் எத்தனை தடவை உண்டார் என்ற நான்கு நிரல்கள் மட்டுமே அதில் இருந்தன. ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல், அல்லது ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால், நோயாளி நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். பசி குறைந்திருக்கையில் நிறை ஏறினால் இன்னும் விரைவாக அறிவிக்க வேண்டும். ஏனெனில் ஈரலிலும் குடலிலும் நீர் தேங்கும்போது இரண்டு வாயிலேயே வயிறு நிறைந்தது போலிருக்கும். கால் வீக்கத்தையும் கவனித்துப் பார்க்க வேண்டும். பைபாஸுக்காக நாளம் எடுத்த கால் மட்டும் சில வாரங்கள் வீங்கியிருப்பது பெரும்பாலும் எதிர்பார்க்கப்படுவதே. இரண்டு கால்களும் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுந்து, நிறையும் ஏறினால் அது நீர். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வலியோடு வீங்கினால் குருதி உறைந்திருக்கவும் கூடும், அதையும் அன்றே காட்ட வேண்டும்.

நீர் வெளியேற்றும் குளிசையைத் தாமாகவே நிறுத்துவது எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடப்பது. திருக்கோவிலிலிருந்தோ வாகரையிலிருந்தோ கிளினிக்குக்குப் பஸ்ஸில் வருகிறவர், வழியில் சிறுநீர் கழிக்க இடமில்லை என்பதால் அன்று காலைக் குளிசையை விட்டுவிடுகிறார். அது நியாயமான சங்கடம். ஆனால் அதற்கான பதில் குளிசையை விடுவதல்ல. பயண நாளில் அதை எந்த நேரத்தில் எடுக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது. "மெலிஞ்சு போனார்" என்று அயலவர் சொன்னதைக் கேட்டு நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ட மெலிவு பெரும்பாலும் வீக்கம் வற்றியது மட்டுமே.

உண்ணாத நாளில் மருந்து என்ன செய்யும் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. வழமையான அளவு இன்சுலினையோ, நீரிழிவுக் குளிசையான கிளிக்கிளசைட்டையோ எடுத்துவிட்டுச் சோற்றை ஒதுக்கினால் குருதியில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால் உடனே சீனித் தண்ணீர் கொடுக்க வேண்டும். விரதம் பிடிப்பதும் நோன்பு நோற்பதும் இதே காரணத்தால் வைத்தியரிடம் கேட்டுத் தீர்மானிக்க வேண்டியவை. டிஜொக்சின் என்ற இருதயக் குளிசை எடுப்பவருக்குத் திடீரெனப் பசி அற்றுப்போய் வாந்தி வந்தால், மருந்து உடலில் மிஞ்சியதன் அறிகுறியாக அது இருக்கலாம். செயற்கை வால்வு பொருத்தி, குருதி உறைவதைத் தடுக்கும் வார்பரின் எடுப்பவரிடம் கீரையே தொடக்கூடாது என்று சொல்லி வைப்பதும் தவறுதான். பொன்னாங்காணியிலும் முருங்கையிலையிலும் உள்ள விற்றமின் கே வார்பரினின் வேலையைக் குறைக்கும் என்பது உண்மை. அதனால் கேட்கப்படுவது ஒவ்வொரு வாரமும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்பது, விலக்குவது அல்ல. உணவே மிகக் குறைந்துபோன வாரத்தில் வார்பரினின் வேலை கூடி, முரசிலிருந்தும் மூக்கிலிருந்தும் குருதி கசியலாம், அப்போது குருதி உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடுத்த திகதிவரை காத்திருக்காமல் செய்விப்பது நல்லது. யாரோ சொன்ன கசாயத்தை இந்தக் குளிசைகளோடு கலப்பதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

ஆறு வாரம் தாண்டியும் பசி திரும்பாமல், நீர் வற்றிய பிறகும் நிறை இறங்கிக்கொண்டே போனால், அதை வயதின் மேல் போடக்கூடாது. காய்ச்சலோடு சேர்ந்த பசியின்மை காயத்தில் தொற்றாகவோ, வால்வு மாற்றியவருக்கு இருதயத்தின் உட்சுவரில் தொற்றாகவோ இருக்கலாம். காய்ச்சலே இல்லாமல், பேச்சும் குறைந்து, கோயிலுக்கும் வராமல், இரவில் விழித்துக் கிடப்பவராக இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். இருதய சத்திரசிகிச்சைக்குப் பின் அது அபூர்வமானதல்ல, அதற்குச் சிகிச்சையும் உண்டு. "மனத்தைத் தைரியமா வைச்சிருங்க" என்ற புத்திமதி அந்தச் சிகிச்சை அல்ல.

மூன்றாம் மாதமளவில் கதை மாறும். பசி வந்துவிடும், ஆனால் நடை வந்திராது. நெஞ்செலும்பு பொருந்தும்வரை கிணற்றில் தண்ணீர் அள்ளவும் அரிசி மூட்டை தூக்கவும் வேண்டாம் என்று சொல்லப்பட்டதை, எதுவுமே செய்ய வேண்டாம் என்று விளங்கிக்கொண்டவர் கதிரையிலேயே இருப்பார். இழந்தது தசை, திரும்பி வருவது வயிற்றுக் கொழுப்பு. தராசில் பழைய எண் வந்துவிட்டது என்று மகிழ்ந்த வீட்டில் இந்த மாற்றம் கண்ணில் படுவதில்லை. அதனால் இப்போது மாமாவின் கொப்பியில் ஐந்தாவதாக ஒரு நிரல் போட்டு, மாதம் ஒருமுறை தையல் நாடாவால் இடுப்பளவையும் குறிக்கிறோம். தெற்காசியரில் ஆணுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் உள்ளே வைத்திருக்கச் சொல்கிறார்கள். அவருக்கு இப்போது 93. வெயில் ஏறுமுன் கல்லடிக் கடற்கரைப் பக்கம் நடக்கிறார். முதலில் ஐந்து நிமிடம் நடந்தவர், இப்போது அரை மணித்தியாலம் நடக்கிறார்.

மூச்சு வாங்கிப் படுக்கவே முடியாத நிலை, நெஞ்சுவலி, மயக்கம், நெஞ்செலும்பு அசைவது போன்ற உணர்வு, காயத்திலிருந்து சீழ் ஆகியவற்றைக் கண்டால் கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அருகிலுள்ள வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். போகும்போது டயக்னோசிஸ் காட்டையும் (வைத்தியசாலை தந்த நோய் விபர அட்டை) குளிசைப் பொதிகளையும் அந்தக் கொப்பியையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.