"பி.பி. நார்மல்தானே, ரத்தம் எதற்கு?": விபத்து கேஸில் நாம் சறுக்கும் இடங்கள்

இரவு 11 மணி. பைக்கில் போய் லாரியில் மோதிய 25 வயதுப் பையனை 108-ல் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே பெரிய காயம் இல்லை, நன்றாகப் பேசுகிறான், தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறான். பி.பி. 110/80, நாடி 118, ஹீமோகுளோபின் 13. கேஸ் ஷீட்டில் 'ஸ்டேபிள்' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறோம். முக்கால் மணி நேரத்தில் பி.பி. 70. அப்புறம்தான் ரத்த வங்கிக்கு ஆள் ஓடுகிறது.

அவன் வந்தபோதே எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். நாடியை மேல் பி.பி.யால் வகுத்துப் பாருங்கள்: 118-ஐ 110-ஆல் வகுத்தால் 1.07. இதுதான் உள்ளே ரத்த இழப்பு இருக்கிறதா என்று ஊகிக்க உதவும் ஷாக் இண்டெக்ஸ், சாதாரணமாக 0.5 முதல் 0.7 வரை இருக்கும், 0.9-ஐத் தாண்டிவிட்டாலே ரத்தம் தேவைப்படலாம் என்று உஷாராக வேண்டும். இளம் உடம்பு ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்து, கிட்டத்தட்ட 30 சதவீத ரத்தம், அதாவது ஒன்றரை லிட்டர் போகும்வரைகூட மேல் பி.பி.யை விழாமல் காட்டும். 110-க்கும் 80-க்கும் இடைவெளி வெறும் 30 என்பதும், அந்தத் தாகமும் அதே கதையைத்தான் சொல்கின்றன.

ஹீமோகுளோபினை நம்புவது அடுத்த தவறு, என்னைக் கேட்டால் இதுதான் அதிகம் ஏமாற்றுவது. குண்டானிலிருந்து நாலு கரண்டி சாம்பாரை மொண்டால் அளவு குறையுமே தவிர சாம்பார் நீர்த்துப்போகாது, தண்ணீர் ஊற்றினால்தான் நீர்க்கும். ரத்தமும் அப்படித்தான். 13 என்ற எண், எவ்வளவு ரத்தம் மிச்சம் இருக்கிறது என்பதைச் சொல்லவே சொல்லாது. திசுக்களுக்கு ரத்தம் போதவில்லை என்பதை ரத்தத்தில் சேரும் அமிலத்தை வைத்துச் சொல்லும் லாக்டேட், பேஸ் டெஃபிசிட் இரண்டும் ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும், இவற்றை அளக்கும் பிளட் கேஸ் பரிசோதனை வசதி இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

அந்தத் தண்ணீரை ஊற்றுவதும் பல நேரம் நாமேதான். பி.பி. இறங்கியதும் இரண்டு கையிலும் சலைனைத் திறந்துவிடுகிறோம், எண் கொஞ்சம் ஏறுகிறது, மனசு ஆறுகிறது. உள்ளே ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள் நீர்த்து, உடம்பு குளிர்ந்து, கசிவு கூடிக்கொண்டிருக்கும்.

யாருக்கு ரத்தம் நிறைய தேவைப்படும் என்று கணிக்கும் ஏ.பி.சி. ஸ்கோர் பலருக்கும் தெரியும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்: குத்துக்காயம் அல்லது குண்டுக்காயம், மேல் பி.பி. 90 அல்லது அதற்குக் கீழ், நாடி 120 அல்லது அதற்கு மேல், ஃபாஸ்ட் ஸ்கேனில் (வயிற்றிலும் இதயத்தைச் சுற்றியும் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று சட்டென்று பார்க்கும் அல்ட்ராசவுண்ட்) ரத்தம். நான்கில் இரண்டு இருந்தால் ரத்தம் நிறைய தேவைப்படலாம். ஆனால் நம் ஊரில் வருவது பெரும்பாலும் சாலை விபத்து, குத்துக்காயத்துக்கான ஒரு மதிப்பெண் ஆரம்பத்திலேயே போய்விடுகிறது. மேலே சொன்ன பையனுக்கு, ஸ்கேனில் ரத்தம் தெரிந்தால்கூட, கிடைப்பது 1. அதனால் ஸ்கோர் குறைவு என்று நிம்மதியாக உட்காராதீர்கள். ஃபாஸ்ட் நெகட்டிவ் என்பதும் அப்படித்தான்: இடுப்பெலும்பு உடைந்து பின்பக்கம் தேங்கும் ரத்தம் அதில் தெரியாமல் போகலாம், ஒரு தொடை எலும்பு முறிவிலேயே ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே தங்கும்.

பெரியவர்களிடம் கணக்கு வேறு. நாடியைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் மாத்திரையைத் தினமும் போடும் 70 வயது அய்யாவுக்கு நாடி ஏறவே ஏறாது, வழக்கமாக 160 இருக்கும் பி.பி. 115 என்றால் அது நார்மல் இல்லை. கூட வந்தவர்களிடம் மாத்திரைச் சீட்டைக் கேளுங்கள், ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது போடுகிறாரா என்றும் கேளுங்கள்.

ரத்தக்கசிவைக் குறைக்கும் மருந்தான ட்ரானெக்ஸாமிக் ஆசிடை 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளவே கூடாது. 2010-ல் வந்த கிராஷ்-2 ஆய்வுப்படி அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன்.

சரி, கேட்டுவிட்டு ரத்தம் தேவைப்படவில்லை என்றால் ரத்த வங்கியில் திட்டுவார்களே என்ற தயக்கம் இருக்கும். கொடுக்கப்போகும் ரத்தம் நோயாளிக்குப் பொருந்துமா என்று பார்க்கும் முழு கிராஸ் மேட்சுக்கு முக்கால் மணி நேரம்வரை ஆகிவிடும், ஆகவே சாம்பிளை முதல் ஊசி குத்தும்போதே எடுத்து அனுப்பிவிடுங்கள். ரத்தப் பையைக் கையில் வாங்கிய பிறகு வேண்டாம் என்று ஆனால், வெளியே வைத்திருக்காமல் அரை மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் அது இன்னொருவருக்குப் போகும்.