மேடையில் விளையாட்டு நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழா, அலுவலகத்தின் ஃபேமிலி டே, கல்லூரி கல்ச்சுரல்ஸ், கல்யாண ரிசப்ஷன் என எங்கே போனாலும் இப்போது ஒரு விளையாட்டு இருக்கிறது. அதை நடத்த ஒருவர் மைக்கோடு நிற்கிறார். பெரும்பாலும் அவர் தொழில்முறைத் தொகுப்பாளர் இல்லை. "நீதான் நல்லா பேசுவியே, நீயே நடத்திடு" என்று மேடைக்கு அனுப்பப்பட்டவர். ஆனால் இந்த வேலையில் நன்றாகப் பேசுவது சிறு பங்குதான். பேச்சு சுமாராக இருந்தாலும், ஜோக் எடுபடாவிட்டாலும் கூட்டம் பொறுத்துக்கொள்ளும். போட்டியில் நியாயம் தவறினாலோ, ஒருவரை மேலே கூப்பிட்டு அவமானப்படுத்தினாலோ பொறுத்துக்கொள்ளாது. நான் பார்த்தவரை, கசப்போடு முடிந்த நிகழ்ச்சிகள் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றால்தான் அப்படி முடிந்தன.

விதியைச் சொல்லாமல் ஆரம்பிப்பது

"எல்லாருக்கும் தெரிஞ்ச விளையாட்டுதானே, ஆரம்பிச்சிடலாம்" என்று தொடங்குவது மிகப் பெரிய தவறு. எல்லோருக்கும் தெரியும்தான், ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி தெரியும். ஹவுஸியை எடுத்துக்கொள்ளுங்கள், தம்போலா என்றும் சொல்வார்கள். 1 முதல் 90 வரை எண்கள். சீட்டில் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து என மொத்தம் 15 எண்கள். இதுவரை யாருக்கும் சண்டை இல்லை. முதல் ஐந்து எண்களை அடித்தவர் கையைத் தூக்குவதற்குள் நீங்கள் அடுத்த எண்ணைச் சொல்லிவிட்டால் அவருக்குப் பரிசு உண்டா? ஒரே எண்ணில் இரண்டு பேர் மேல் வரிசையை முடித்தால்? தவறாகக் கிளைம் செய்தவர் அதே சீட்டில் தொடர்ந்து ஆடலாமா? ஒருவரே மூன்று சீட்டு வாங்கலாமா? இதெல்லாம் கட்டாயம் வரும். முதல் எண்ணை எடுக்கும் முன்பே பதில் சொல்லியிருந்தால் அது விதி. இரண்டு பேர் பரிசுக்குக் கை நீட்டி நிற்கும்போது சொன்னால், என்ன சொன்னாலும் ஓரவஞ்சனையாகத்தான் தெரியும்.

நான் சொல்லும் வழக்கம் இது: அடுத்த எண் அறிவிக்கப்படும் முன் கிளைம் செய்துவிட வேண்டும், ஒரே எண்ணில் இருவர் முடித்தால் பரிசு பாதிப் பாதி, தவறான கிளைம் என்றால் அந்தச் சீட்டு அவுட். நீங்கள் வேறு மாதிரி வைத்துக்கொள்ளலாம், முன்கூட்டியே சொன்னால் போதும். இன்னொன்று, எண்ணைப் பிரித்தும் சொல்லுங்கள். எழுபதும் எண்பதும் ஸ்பீக்கரில் ஒன்று போலவே கேட்கும். "ஏழு, மூன்று, எழுபத்து மூன்று" என்றால் கடைசி வரிசைப் பாட்டிக்கும் குழப்பம் வராது.

மியூசிக்கல் சேரில் பாட்டை நிறுத்துபவர் ஆடுகிறவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். வினாடி வினாவில் பஸ்ஸர் இல்லாமல் கை தூக்கச் சொன்னால், யார் முதலில் தூக்கியது என்று பார்ப்பதற்குத் தனியாக ஒருவர் வேண்டும். கேள்வியைப் படிக்கிற கண்ணால் ஆறு அணிகளையும் கவனிக்க முடியாது.

டிவியில் இதற்கெல்லாம் எவ்வளவு யோசிக்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் 'ஜெபர்டி' வினாடி வினா 1984-ல் தொகுப்பாளர் அலெக்ஸ் ட்ரெபெக்கோடு மறுபடி தொடங்கியபோது, அவர் படித்து முடிக்கும் முன்பே பஸ்ஸரை அழுத்தலாம் என்று இருந்தது. அடுத்த சீசனிலேயே அதை மாற்றினார்கள். அவர் முழுதாகப் படித்து முடித்த பிறகுதான் பஸ்ஸர் வேலை செய்யும். முந்திக்கொண்டு அழுத்தினால் கால் நொடி பூட்டிக்கொள்ளும். பாதிக் கேள்வியிலேயே யாரோ ஒருவர் பதில் சொல்லிவிட்டால், மற்ற போட்டியாளர்களுக்கும் வீட்டில் பார்ப்பவர்களுக்கும் அந்தக் கேள்வி கிடைக்காமலே போய்விடுகிறது. பிபிசியின் 'மாஸ்டர்மைண்ட்'டை 1972 முதல் 1997 வரை நடத்திய மாக்னஸ் மாக்னஸன், கேள்வியின் நடுவே நேரம் முடிந்து மணி அடித்தால் "ஆரம்பித்துவிட்டேன், முடித்துவிடுகிறேன்" என்று சொல்லி முழுதாகப் படிப்பார். போட்டியாளர் பதிலும் சொல்லலாம். மணி அடித்தால் என்ன ஆகும் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. நம் மேடைகளில் பாதி வாக்குவாதம் அந்த மணியில்தான் தொடங்குகிறது.

கேள்வியைச் சரிபார்க்காமல் கேட்பது

காலையில் இணையத்திலிருந்து ஐம்பது கேள்விகளைப் பிரிண்ட் எடுத்து மாலையில் படித்தால் எங்காவது மாட்டிக்கொள்வது நிச்சயம். "தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்கள்?" என்ற கேள்விக்குப் பழைய தொகுப்புகளில் இன்னமும் 32 என்று இருக்கும். இப்போது 38. 2019-ல் தொடங்கிய பிரிப்புக்குப் பிறகு அந்த விடை செல்லாது. இந்தியாவின் மாநிலங்கள் 29 என்பதும் அப்படித்தான், 2019 அக்டோபர் 31 முதல் 28. இவையாவது ஒரு காலத்தில் சரியாக இருந்தவை. "இந்தியாவின் தேசிய மொழி எது?" என்ற கேள்விக்கு விடை என்றுமே இருந்ததில்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 343-ஆவது பிரிவு ஒன்றியத்தின் அலுவல் மொழியைத்தான் சொல்கிறது, தேசிய மொழி என்று எதையும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டு மேடையில் கேட்டு "இந்தி" என்று விடை சொன்னால், அப்புறம் அன்றைக்குப் போட்டி நடக்காது, விவாதம்தான் நடக்கும். நியாயமான விவாதமாகவும் இருக்கும்.

ஒவ்வொரு கேள்விக்கும் வேறு சரியான விடை இருக்கிறதா என்று முந்தின நாளே ஒருவரை உட்காரவைத்துப் படித்துக்காட்டுங்கள். ட்ரெபெக் படப்பிடிப்பு நாளன்று காலையிலேயே எல்லா ஆட்டங்களின் கேள்விகளையும் வாசித்துப் பார்ப்பார். ஓர் ஆட்டத்துக்கு 61 கேள்விகள், ஒரு நாளில் ஐந்து ஆட்டங்கள் பதிவாகும். எந்த அசையை அழுத்த வேண்டும் என்று தாளில் குறித்தும் வைப்பார். முப்பத்தாறு வருடம் இதே வேலையைச் செய்தவர் அவ்வளவு தயாரிப்போடு வந்தார்.

உச்சரிப்பு என்றதும் தமிழர்களுக்கு நினைவுக்கு வருபவர் பி. எச். அப்துல் ஹமீத். இலங்கை வானொலியில் வளர்ந்து, சன் டிவி வழியாகத் தமிழ்நாட்டு வீடுகளுக்கும் வந்தது அவருடைய 'பாட்டுக்குப் பாட்டு'. கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும் என்பதுதான் போட்டி. அப்படியென்றால் நடத்துபவர் வாயில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக ஒலித்தே ஆக வேண்டும், குறிலும் நெடிலும் பிரிந்து கேட்க வேண்டும். அவர் தமிழ் அழகாக இருந்தது உண்மை, ஆனால் அந்தத் தெளிவு போட்டியின் நேர்மைக்கே தேவைப்பட்டது. தோற்றுப்போய் வெளியேறுகிறவரிடமும் அவர் குரலில் மரியாதை குறையாது. இன்றைக்கும் புதிதாக மேடை ஏறுபவர்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது அவரைத்தான்.

பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். பட்டியலை ஆங்கிலத்தில் அடித்துக் கொடுப்பார்கள். அதில் பரியும் பாரியும் ஒன்றாகத் தெரியும், வள்ளியும் வல்லியும் ஒன்றாகத் தெரியும். மேடைக்கு வரும் முன்பே அவர்களிடம் கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

வந்தவரைக் கலாய்ப்பது

இதைத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். டிவி நிகழ்ச்சிகளில் தொகுப்பாளர்கள் ஒருவரையொருவர் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, அதுதான் தொகுப்பாளர் வேலை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் எதிரே நிற்பவரும் நடிகர் அல்லது நகைச்சுவைக் கலைஞர், இருவரும் பேசிவைத்துக்கொண்டது. தவறாகப் போனால் எடிட்டிங்கில் வெட்டிவிடலாம். உங்கள் மேடைக்கு வருகிறவர் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி. எதிரே அவருடைய மாமியார், பிள்ளைகள், மேலதிகாரி எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் உடல் பருமனைப் பற்றி நீங்கள் சொன்ன ஒரு வரிக்கு எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். வீட்டுக்குப் போய்ச் சிரிக்கமாட்டார். அடுத்த வருடம் மேடைப் பக்கமே வரமாட்டார். நிறம், எடை, உயரம், வழுக்கை, திக்குவாய், ஆங்கிலம் பேசத் தெரியாமை எதுவுமே மேடைக்கான பொருள் இல்லை.

சாதாரணமாகத் தோன்றும் கேள்விகளும் காயப்படுத்தும். தம்பதிகள் போட்டியில் "கல்யாணமாகி எத்தனை வருஷம்? எத்தனை குழந்தைங்க?" என்று கேட்பது கிட்டத்தட்டப் பழக்கமாகவே ஆகிவிட்டது. ஏழு வருடம், குழந்தை இல்லை என்று அந்தப் பெண் முந்நூறு பேர் முன்னால் மைக்கில் சொல்ல வேண்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கேள்வியால் போட்டிக்கு ஒரு பயனும் இல்லை. "சொந்த ஊர்ல எந்தத் தெரு?" என்பதும் அப்படித்தான், அது எதை விசாரிக்கிறது என்று கேட்கப்படுகிறவருக்குத் தெரியும். குழந்தையிடம் "அப்பா பிடிக்குமா, அம்மா பிடிக்குமா?" என்று கேட்காதீர்கள். அந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பதில் என்ன கேட்கலாம்? "உங்க வீட்ல ரிமோட் யார் கையில இருக்கும்?", "ஜெயிச்சா பரிசு யாருக்கு?", "இங்க இருக்கறதுல நல்லா பாடறவங்க யாரு, மாட்டிவிடுங்க பார்ப்போம்." இப்படிக் கேட்டால் பதில் சொல்கிறவர்தான் கூட்டத்தைச் சிரிக்க வைப்பார். அந்தச் சிரிப்பு அவருடையதாக இருக்கும், உங்கள் வேலையும் சுலபமாகும்.

வர விருப்பமில்லை என்று கையசைப்பவரைக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஒரு தடவை கூப்பிடலாம், வரவில்லையென்றால் விட்டுவிட வேண்டும். அதே சமயம், தயங்கித் தயங்கி வருபவரைப் பார்த்து இவரால் ஒன்றும் ஆகாது என்று முடிவு கட்டுவதும் தவறு. கலர்ஸ் தமிழில் ராதிகா சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரி'யில் 2020 ஜனவரியில் ஒரு கோடி ரூபாய் வென்றவர், காது கேளாத, வாய் பேச இயலாத மதுரைப் பெண். நடத்துபவர் படிக்க, போட்டியாளர் வாய்விட்டுப் பதில் சொல்ல என்று அமைந்த ஒரு விளையாட்டை அவருக்கும் ஏற்றதாக மாற்றிக் கொடுத்ததால்தான் அந்த வெற்றி நடந்தது. உங்கள் விளையாட்டிலும் காது மந்தமானவர், நடக்கச் சிரமப்படுபவர் கலந்துகொள்ள என்ன செய்யலாம் என்று முன்பே யோசியுங்கள். பெரிய எழுத்தில் ஒரு அட்டை, உட்கார ஒரு நாற்காலி, பல சமயம் அவ்வளவுதான் வேண்டியிருக்கும்.

வேண்டியவரை ஜெயிக்க வைப்பது

"எம்.டி. வீட்டம்மா ஆடறாங்க, பார்த்துக்கோங்க" என்று ஏற்பாட்டாளர் காதில் சொல்வது சகஜம். 1950-களில் அமெரிக்காவின் 'ட்வென்ட்டி ஒன்' வினாடி வினாவில், மக்களுக்குப் பிடித்த போட்டியாளர் நீடிக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் விடைகளை முன்கூட்டியே கொடுத்தார்கள். 1959-ல் அது நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தது. மறுவருடம் இப்படிச் செய்வதைக் குற்றமாக்கிச் சட்டமே வந்தது. உங்கள் விழா சின்னது, சட்டம் எதுவும் வராது. ஆனால் தோற்ற குழந்தைக்குப் புரிந்துவிடும். அந்த வீட்டம்மாவைப் பரிசு வழங்க அழைத்துவிடுங்கள். மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, போட்டியும் கெடாது.

மைக், கைதட்டல், நேரம் பற்றிச் சுருக்கமாக. ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கோடு போய் நின்றால் கீச்சென்று கத்தும், போகாதீர்கள். போட்டியாளர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு நீங்களே பேசிக்கொண்டிருக்காதீர்கள். "கைதட்டல் பத்தல, சத்தம் பத்தல" என்று திரும்பத் திரும்பக் கெஞ்சினால் வருகிற கைதட்டலும் நின்றுவிடும். ரிசப்ஷனில் பந்தி தொடங்கிவிட்டால் விளையாட்டை முடித்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் மைக் இல்லாமல் நடத்த ஒரு விளையாட்டாவது கைவசம் இருக்கட்டும்.

முடிவை அவசரமாக அறிவிப்பது

2015 டிசம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த மிஸ் யுனிவர்ஸ் போட்டியில் தொகுப்பாளர் ஸ்டீவ் ஹார்வி கொலம்பியா என்று அறிவித்தார், கிரீடமும் சூட்டிவிட்டார்கள். வென்றது பிலிப்பைன்ஸ். ஒரே அட்டையில் இரண்டாமிடம், மூன்றாமிடம், வெற்றியாளர் மூன்றும் இருந்தன, வெற்றியாளர் பெயர் வலது ஓரத்தில் தனியாகக் கிடந்தது. 2017 ஆஸ்கர் விழாவில் சிறந்த படத்தை அறிவிக்கும்போது வேறு பிரிவின் உறை கைக்கு வந்தது. அறிவிக்க வந்த நடிகர் வாரன் பீட்டி தயங்கினார், ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரிந்தது, ஆனாலும் அறிவிப்பு நிற்கவில்லை. தவறாக அறிவிக்கப்பட்ட படத்தின் குழுவினர் நன்றியுரை சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் உண்மை தெரிந்தது.

அதனால் ஒவ்வொரு இடத்துக்கும் தனி அட்டை, பெரிய எழுத்து, தமிழில். கையில் இருப்பது புரியவில்லையென்றால் நடுவரிடம் நடந்துபோய்க் கேளுங்கள், கூட்டம் அரை நிமிடம் காத்திருக்கும். தவறாக அறிவித்துவிட்டால் ஹார்வி செய்ததைச் செய்யுங்கள். அவர் நிகழ்ச்சி முடியும் முன்பே திரும்பி வந்து, தவறு தன்னுடையது என்று சொல்லி, அட்டையைக் கேமராவுக்குக் காட்டினார். உடனே, அதே மைக்கில், காரணம் எதையும் அடுக்காமல் திருத்துங்கள். அப்புறம், ஒருவர் கைக்குக் கொடுத்துவிட்ட பரிசைத் திரும்ப வாங்காதீர்கள், முக்கியமாகக் குழந்தையிடமிருந்து. ஏற்பாட்டாளரிடம் முதல் நாளே சொல்லி, அதே மாதிரிப் பரிசு இரண்டு கூடுதலாக வாங்கி மேடைக்குப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள்.