ஆற்று ஆய்வுக் கோடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முறை ஆற்று ஆய்வுக்குப் போகிறவர்கள் கருவிகளைக் கண்டுதான் அஞ்சுகிறார்கள். அவை இரண்டு நாளில் கைக்குப் பழகிவிடும். கோடை முழுவதும் சேர்த்த அளவீடுகளைச் சத்தமில்லாமல் கெடுப்பது கடிகாரம்தான்.

நாள்தோறும் ஒரே வரிசையில் இடங்களுக்குப் போவதைப் பலரும் ஒழுங்கு என்று நினைக்கிறார்கள். வெயிலில் பாசிகளும் நீர்த்தாவரங்களும் ஒளிச்சேர்க்கை செய்வதால், நீரில் கரைந்த ஆக்சிஜன் பிற்பகலில் ஏறும். இரவெல்லாம் உயிர்கள் சுவாசித்துத் தீர்ப்பதால் விடியலை ஒட்டி மிகவும் இறங்கிவிடும். முதல் இடத்தை எப்போதும் காலை ஆறு மணிக்கும் கடைசி இடத்தை எப்போதும் பிற்பகல் மூன்று மணிக்கும் அளந்தால், முதல் இடம் சீரழிந்ததாகவும் கடைசி இடம் செழித்ததாகவும் தோன்றும். நீங்கள் அளந்தது ஆற்றை அல்ல, சூரியனை. வரிசையை மாற்றி மாற்றிப் போங்கள். ஒவ்வோர் அளவின் பக்கத்திலும் மணியை எழுதுங்கள். ஆக்சிஜனை ஆற்றிலேயே அளந்துவிடுங்கள். புட்டியில் அடைத்து மாலையில் பார்த்தால் அது வேறு நீராகியிருக்கும்.

மாதிரி எடுக்கும்போது நீரோட்டத்தை எதிர்நோக்கி நில்லுங்கள். இல்லையென்றால் உங்கள் கால் கிளப்பிய சேறுதான் புட்டிக்குள் போகும். ஓட்டத்தின் வேகத்தை ஆற்றின் மேற்பரப்பில் மட்டும் பார்த்து எழுதுவதும் தவறு. ஆழம் 60 செ.மீ. என்றால், மேலிருந்து 36 செ.மீ. கீழே, அதாவது ஆழத்தின் பத்தில் ஆறு பங்கில், கருவியைப் பிடித்தால் கிடைப்பது ஏறக்குறையச் சராசரி வேகம். கருவி இல்லாமல் மிதவையை விட்டு அளந்தால், வந்த வேகத்தை 0.85 ஆல் பெருக்குவது வழக்கம்.

களக் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதுங்கள். அளக்காத கட்டத்தில் பூஜ்யம் போடாதீர்கள். ஆற்றுப் பூச்சிகளை எண்ணிய ஒரு கோடையில் நான் அப்படிப் போட்டேன். மாதங்கள் கழித்து, பூச்சியே இல்லாத இடம் எது, தேடாமல் விட்ட இடம் எது என்று பிரித்தறிய முடியவில்லை. அந்தப் பக்கங்கள் அத்தனையும் வீண்.

தனியாக ஆற்றில் இறங்கவே இறங்காதீர்கள். உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும், மேற்பகுதியில் மழை பெய்தால் நீர் திடீரென உயரும்.

ஊருக்குக் கிளம்புமுன் காலணிகளையும் வலைகளையும் கழுவி நன்றாக உலர்த்துங்கள். ஈரத்தில் ஒட்டிய சிற்றுயிர்கள் அடுத்த ஆற்றுக்குப் போய்ச் சேரும். திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ஆற்றில் நின்றதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் 2 முதல் 30 நாள் வரை உடலில் பதுங்கியிருந்து தலைகாட்டக்கூடும்.

பிறகு நண்பர்கள். நாம் விட்டுப்போன இடத்திலேயே அவர்கள் நிற்பார்கள் என்று எண்ணிக்கொண்டு போகிறோம். ஒருமுறை திரும்பிய அன்று மாலை முழுவதும் நான் ஆற்றுப் படங்களையே காட்டிக்கொண்டிருந்தேன். தோழி ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்த்தாள். அவளுடைய அம்மா அந்தக் கோடையில் பாதி நாள் மருத்துவமனையில் இருந்தது மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. "ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீ அவ்வளவு சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தாய், முடிக்கட்டும் என்று இருந்தேன்" என்றாள்.

இப்போதெல்லாம் முதல் நாள் படங்களைப் பையிலேயே வைத்துவிட்டு, அவளைத்தான் முதலில் பேசச் சொல்கிறேன்.