தேர்தல் செலவுக் கணக்கு: வேட்பாளர்கள் சறுக்கும் இடங்கள்

சட்டமன்றத் தேர்தலில் நிற்பவர்களில், குறிப்பாகக் கட்சியின் துணையோ அனுபவமுள்ள கணக்கரோ இல்லாத சுயேச்சைகளில், பலர் செலவுக் கணக்கைத் தேர்தல் முடிந்தபின் நிதானமாக எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். மற்ற தவறுகளில் பாதி இந்த நினைப்பிலிருந்தே பிறக்கின்றன. வேட்பாளர் எழுதினாலும் எழுதாவிட்டாலும், அவருடைய செலவை அன்றன்றைக்கு எழுதிவரும் இன்னொரு பதிவேடு அரசு அலுவலகத்தில் இருக்கிறது.

ஒரு தெருமுனைக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஷாமியானா, நூறு நாற்காலிகள், ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், மேடைக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ், வந்தவர்களுக்கு டீயும் வடையும். ஓரமாக நின்று படம் பிடிப்பவர் தேர்தல் ஆணையத்தின் வீடியோ கண்காணிப்புக் குழுவைச் சேர்ந்தவர். அந்தப் பதிவைப் பிறகு இன்னொரு குழு ஓட்டிப் பார்த்து, நாற்காலி முதல் ஃப்ளெக்ஸ் வரை எண்ணி, மாவட்டத் தேர்தல் அலுவலர் வெளியிட்ட விலைப்பட்டியலின்படி மதிப்பிட்டு, ‘நிழல் பதிவேடு’ எனப்படும் அந்த அரசுப் பதிவேட்டில் ஏற்றிவிடும். வேட்பாளர் தம் நோட்டில் ‘கூட்டச் செலவு’ என்று ஒரே வரியில் மொத்தத் தொகையை எழுதியிருந்தால், பிரச்சாரக் காலத்தில் குறைந்தது மூன்று முறை நடக்கும் ஆய்வில் இரண்டு கணக்கும் அருகருகே வைக்கப்படும்போது பதில் சொல்ல முடியாமல் திணற வேண்டியிருக்கும். தெரிந்தவர் என்பதால் பந்தல்காரர் பாதி விலைக்குக் கொடுத்தார் என்ற விளக்கமும் எளிதில் எடுபடாது.

எந்த நாளிலிருந்து கணக்கு என்பதிலும் குழப்பம் உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 77-ஆவது பிரிவின்படி, வேட்புமனு தாக்கல் செய்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கப்படும் நாள்வரை, அவ்விரண்டு நாள்களும் உட்பட, வேட்பாளரும் அவருடைய முகவரும் செய்த, செய்ய அனுமதித்த செலவு அனைத்தும் கணக்கில் வர வேண்டும். ஆகவே மனு தாக்கலுக்குப் போன ஊர்வலத்தின் மேளமும் வாகனங்களும் கணக்கில் உண்டு. மனு தாக்கலுக்கு முன்பே அச்சடித்து வைத்த துண்டறிக்கையும், பின்னர் விநியோகிக்கப்பட்டால், அதிலிருந்து தப்புவதில்லை.

இலவசமாகக் கிடைத்ததற்குக் கணக்கு எதற்கு என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. மைத்துனர் கொடுத்த கார், நண்பர் ஒதுக்கிய மண்டபம் எதுவானாலும் உத்தேச மதிப்புப் போட்டு எழுத வேண்டும். வாகன அனுமதியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அனுமதி வாங்கிய வண்டி பழுதாகிப் பட்டறையில் கிடந்தாலும், இரண்டு நாளுக்கு மேல் அதைப் பயன்படுத்தப் போவதில்லை என்று தேர்தல் நடத்தும் அலுவலருக்குத் தெரிவித்து அனுமதியைத் திரும்பப் பெறாவிட்டால், அது ஓடியதாகவே கொள்ளப்படும்.

பணம் கொடுக்கும் முறைக்கு வருவோம். மனு தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்குத் தொடங்கியிருக்க வேண்டும். ஒருவருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ தேர்தல் காலம் முழுவதிலும் சேர்த்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரக்கூடாது. ‘முழுவதிலும் சேர்த்து’ என்பதைக் கவனிக்காமல், ஒரே ஒலிபெருக்கிக்காரருக்கு 8,000 ரூபாயாக மூன்று தவணை ரொக்கம் கொடுத்து, ஒவ்வொரு ரசீதும் வரம்புக்குள் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் விதியை மீறியவர்களே.

கட்சி வேட்பாளர்கள் தடுமாறுவது கட்சிச் செலவுக்கும் தம் செலவுக்கும் இடையிலுள்ள கோட்டில். கட்சி செய்த செலவும் வேட்பாளரைச் சேரக்கூடும் என்று கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1974-இல் தீர்ப்பளித்ததும், நாடாளுமன்றம் உடனே சட்டத்தைத் திருத்தி அந்தச் செலவை விலக்கிவிட்டது. 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த விலக்கைச் சுருக்கி, கட்சி அறிவிக்கும் நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவோடு நிறுத்தியது. ஆனால் பேச்சாளரின் மேடையில் வேட்பாளர் ஏறினால், அல்லது அங்கே அவருடைய பெயரோ படமோ இடம்பெற்றால், கூட்டச் செலவில் பங்கு அவருக்கு வந்துவிடும். ஹெலிகாப்டரில் கூடவே பறந்தால் பயணச் செலவில் பாதி. 2022 ஜனவரியில் உயர்த்தப்பட்டபடி தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் ரூபாய், மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம் ரூபாய் என்று உச்சவரம்பு இருக்க, கட்சி மொத்தமாகச் செலவிடுவதற்கு வரம்பே இல்லை. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான் இது; ஆனாலும் முன்வாசலில் நிற்பவர் வேட்பாளர் என்பதால் அகப்படுபவரும் அவரே.

விளம்பரத்தைச் செய்தியாக வெளியிடச் செய்து, அந்தச் செலவை மறைப்பது இன்னும் ஆபத்தானது. உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதியில் வென்ற உம்லேஷ் யாதவ், அப்படி வெளியான பக்கங்களின் செலவைக் காட்டாததற்காக 2011-இல் மூன்றாண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்.

கணக்கில் எழுதிவிட்டால் எந்தச் செலவும் முறையாகிவிடும் என்பது இதற்கு நேர்மாறான தவறு. ஆரத்தித் தட்டில் போடும் ரூபாய் நோட்டும், வீடு வீடாகப் போகும் பரிசுப் பொருளும் வரம்புக்குள் அடங்கும் செலவுகள் அல்ல, அவை லஞ்சம். 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதித் தேர்தல் ரத்தானது, வாக்காளர்களுக்கென வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட பணம் பெருந்தொகையாகப் பிடிபட்டதால்தான்.

கடைசியாக, தோற்றவர்கள் செய்வது. முடிவு வந்ததும் ரசீதுக் கட்டைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். வென்றவரோ தோற்றவரோ, ஒரு ரூபாயும் செலவிடாதவரோ, முடிவு அறிவித்த 30 நாள்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 2021 மே 2 அன்று முடிவு வந்தது. அப்படியானால் ஜூன் 1 கடைசி நாள். 26-ஆவது நாளில் நடக்கும் கணக்குச் சரிபார்ப்புக் கூட்டத்துக்கு வருபவர்களுக்கு, நிழல் பதிவேட்டோடு உள்ள வேறுபாடுகளைத் தீர்த்துக்கொள்ள இன்னும் சில நாள்கள் மிஞ்சும். தக்க காரணமின்றித் தாக்கல் செய்யாதவரை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ பிரிவின் கீழ் ஆணையம் மூன்றாண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்யலாம். கணக்கோடு பிரமாணப் பத்திரமும் கையெழுத்திட்ட ரசீதுகளும் இருக்கின்றனவா என்று பார்த்துக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை அங்கேயே கையில் வாங்கிக்கொண்டு வர வேண்டும்.