காற்றில் பரவும் தொற்று: தனிமை அறைக்குள் போய்வரும் முறை, புதிய தாதியருக்கு

ஊரிலிருந்து வந்து இங்கே சிங்கப்பூரில் வார்டில் சேரும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் ஊசி, மருந்து, டிரிப் எல்லாம் கைவந்த வேலைதான். உள்ளே காற்றழுத்தம் குறைத்து வைத்த நெகட்டிவ் பிரஷர் அறை வாசலில்தான் பலர் தயங்கி நிற்கிறார்கள். பயிற்சி வகுப்பில் ஸ்லைடு காட்டுவார்கள், அதோடு சரி. அதனால் நான் வார்டில் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன். கை கழுவுவதும் அங்கி கட்டுவதும் உங்களுக்குத் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

இந்த அறை முக்கியமாக காசநோய், தட்டம்மை, சின்னம்மை நோயாளிகளுக்கு. இந்தக் கிருமிகள் காற்றில் மிதக்கும். தட்டம்மைக் கிருமி, நோயாளி எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்தக் காற்றில் இருக்கக்கூடும். ஆகவே தட்டம்மை, சின்னம்மை என்றால் உள்ளே போகுமுன் ஒரு கேள்வி: உங்களுக்கு அந்த நோய்க்கு எதிர்ப்புச்சக்தி உண்டா? தடுப்பூசிச் சான்றோ இரத்தப் பரிசோதனை முடிவோ இல்லாவிட்டால் தயங்காமல் சிஸ்டரிடம் சொல்லுங்கள். எதிர்ப்புச்சக்தி உள்ள ஒருவர் அந்த நோயாளியைப் பார்த்துக்கொள்ளட்டும். “சின்ன வயதில் அம்மை போட்டதாக அம்மா சொன்னார்” என்று நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டாம்.

படி 1: மீட்டரைப் பாருங்கள்

அறைக்குள் விடும் காற்றைவிட அதிகமாக உறிஞ்சி வெளியேற்றினால் உள்ளே அழுத்தம் குறையும். அப்போது நடைபாதைக் காற்று கதவிடுக்கு வழியாக உள்ளே போகும், அறைக்குள் இருக்கும் காற்று வெளியே வராது. உறிஞ்சிய காற்று கட்டடத்துக்கு வெளியே போகும், அல்லது ஹெப்பா வடிகட்டி வழியாகப் போகும். 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் வடிகட்டி அது.

வாசலில் உள்ள மீட்டர் குறைந்தது 2.5 பாஸ்கல் வித்தியாசம் காட்ட வேண்டும். உங்கள் மருத்துவமனை இதைவிடக் கூடுதலாக வைத்திருந்தால் அதுவே கணக்கு. நோயாளி இருக்கும் நாள்களில் தினமும் பார்த்துக் குறித்து வையுங்கள். மீட்டரோடு டிஷ்யூ சோதனையையும் நான் விடுவதில்லை. மூடிய கதவின் கீழ் இடுக்கில் ஒரு மெல்லிய டிஷ்யூத் துண்டைப் பிடித்தால் அது அறைப் பக்கம் இழுபட வேண்டும். உங்கள் பக்கம் பறந்தால் அறை வேலை செய்யவில்லை. எலும்பு மச்சை மாற்று சிகிச்சை நடக்கும் வார்டுகளில் இதற்கு நேரெதிரான பாசிட்டிவ் பிரஷர் அறைகளும் உண்டு. எனவே கதவில் உள்ள அட்டையையும் படியுங்கள்.

முன்பு நான் இருந்த ஒரு வார்டில் காலை நேரத்தில் மட்டும் அலாரம் அடிக்கும். பராமரிப்புப் பிரிவிலிருந்து ஆள் வருவதற்குள் மீட்டர் சரியாகிவிடும், அவரும் “எல்லாம் ஓகே” என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். காரணத்தை அறைக்குள்தான் கண்டுபிடித்தோம். காற்றை உறிஞ்சும் கிரில், படுக்கையின் தலைமாட்டுக்குப் பக்கத்தில், சுவரின் கீழ்ப்பகுதியில் இருந்தது. காலையில் நோயாளியை உடம்பு துடைத்து விரிப்பு மாற்றும்போது, அழுக்குத் துணி வண்டி சரியாக அதன் முன்னால் போய் நின்றது. உறிஞ்சுவது அடைபட்டது, உள்ளே வரும் காற்று மட்டும் வந்துகொண்டே இருந்தது, அழுத்த வித்தியாசம் சரிந்தது. வண்டியை நகர்த்தியதும் மீட்டர் ஏறியது. அந்தத் தரைப்பகுதியில் மஞ்சள் டேப் ஒட்டிய பிறகு அலாரம் நின்றது. அலாரம் அடித்தால் முதலில் கதவைப் பாருங்கள், அடுத்து கிரில்லைப் பாருங்கள், அதன் பிறகு போன் செய்யுங்கள். குளிருகிறது என்று நோயாளி துண்டைப் போட்டு மூடியிருக்கவும் கூடும்.

படி 2: என்95 மாஸ்க்

சர்ஜிக்கல் மாஸ்க் இங்கே போதாது, அதன் ஓரங்கள் திறந்தே இருக்கும். அதை என்95-க்கு அடியில் போட்டுக்கொள்வதும் கூடாது, முகத்தோடு ஒட்ட வேண்டிய விளிம்பு கெட்டுவிடும்.

மாஸ்க் முகத்தோடு ஒட்டுகிறதா என்று பார்க்கும் ஃபிட் டெஸ்ட்டில் தலைக்கு உறை மாட்டி, கசப்பு அல்லது இனிப்பு மருந்தைத் தெளிப்பார்கள். மாஸ்க் போட்ட பிறகும் சுவை தெரிந்தால் அந்த மாடல் உங்கள் முகத்துக்கு ஆகாது. தேறிய மாடலை மட்டுமே போடுங்கள், தோழியிடம் கடன் வாங்காதீர்கள். உடல் எடை நன்றாகக் கூடினாலோ குறைந்தாலோ மறுபடி டெஸ்ட் கேளுங்கள். இரண்டு மாடலில் தேறினால் 3எம் ஆரா 1870 பிளஸை எடுக்கச் சொல்வேன். மூன்று மடிப்பாக இருப்பதால் பேசும்போது அவ்வளவாக நகராது, தனித்தனி உறையில் வருவதால் சட்டைப்பையிலும் நசுங்காது. சிறிய முகத்துக்கு 1860எஸ் நன்றாகப் பொருந்தக்கூடும்.

மேல் பட்டை உச்சந்தலைப் பக்கம், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே கழுத்தில். இரண்டும் குறுக்கே பின்னக் கூடாது. கொண்டை போடுபவர்கள் பட்டை வழுக்காத உயரத்தில் போடுங்கள். மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்துங்கள், ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூராகி இரண்டு பக்கமும் இடைவெளி விழும். பிறகு இரண்டு கைகளாலும் மாஸ்க்கை மூடி மூச்சை விடுங்கள். கண் பக்கம் காற்று பட்டால் கசிவு. மூச்சை இழுக்கும்போது மாஸ்க் லேசாக உள்வாங்க வேண்டும். ஃபிட் டெஸ்ட்டில் தேறியவர்களும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்தே ஆக வேண்டும். இதற்குச் சில விநாடிகள்தான் ஆகும். வார்டு எவ்வளவு பரபரப்பாக இருந்தாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 2003-ல் சார்ஸ் வந்தபோது இந்த ஊரில் 238 பேருக்குத் தொற்றியது, 33 பேர் இறந்தார்கள். தொற்றியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இருவர் நம்மைப் போன்ற மருத்துவ ஊழியர்கள்.

படி 3: கதவு

நடைபாதைக்கும் நோயாளியின் அறைக்கும் நடுவே உள்ள முன்னறைக்குள் போய் முதல் கதவை மூடுங்கள், பிறகு இரண்டாவதைத் திறங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்தால் அழுத்த வித்தியாசம் போய்விடும். தேவையான சாமான்களை ஒரே தடவையில் எடுத்துப் போங்கள்.

படி 4: வெளியே வருதல்

கையுறை, அங்கி, கண்ணாடி ஆகியவற்றை மருத்துவமனை சொல்லித்தந்த வரிசையில் கழற்றி, இடையிடையே கை சுத்தம் செய்யுங்கள். என்95 மட்டும் முகத்திலேயே இருக்கட்டும். நோயாளியின் அறையை விட்டு வந்து, கதவு முழுதாக மூடிய பிறகுதான் அதைக் கழற்ற வேண்டும். வேர்த்துக் கொட்டும்போது கை தானாக முகத்துக்குப் போகும், அடக்கிக்கொள்ளுங்கள். முன்னறையில் கழற்றுவதா நடைபாதையிலா என்பதை உங்கள் மருத்துவமனை முடிவு செய்திருக்கும். என்னைக் கேட்டால் நடைபாதை, ஏனென்றால் கதவு திறக்கும்போது முன்னறைக்குள் கொஞ்சம் காற்று வரத்தான் செய்யும். கீழ்ப் பட்டை முதலில், மேல் பட்டை அடுத்து. முன்பக்கத்தைத் தொடாதீர்கள். பிறகு மறுபடி கை சுத்தம்.

பிற்சேர்க்கை, வாசகர்கள் கேட்டதால்

சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் ஒரு தம்பி தாடியைப் பற்றிக் கேட்டிருந்தார். விளிம்பு படும் இடத்தில் முடி இருந்தால் என்95 ஒட்டாது, எவ்வளவு இறுக்கினாலும் ஒட்டாது. அதற்காக விரதத்தை விட வேண்டியதில்லை. மின்விசிறி மூலம் வடிகட்டிய காற்றைத் தலைமூடிக்குள் அனுப்பும் பேப்பர் (PAPR) கருவி உண்டு, தளர்வான தலைமூடி உள்ள வகைக்குத் தாடி தடையில்லை. மாலை போடுமுன்பே மேலாளரிடம் சொல்லி அதற்கான பயிற்சியை முடித்துவிடுங்கள்.

எக்ஸ்ரேக்குக் கொண்டுபோகும்போது என்95 யாருக்கு என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நோயாளிக்கு சர்ஜிக்கல் மாஸ்க் போடுங்கள், கிருமி கிளம்பும் இடத்திலேயே தடுக்க அது உதவும். மூச்சுத்திணறலில் இருப்பவருக்கு என்95 இன்னும் சிரமம். எக்ஸ்ரே பிரிவுக்கு முன்கூட்டியே போன் செய்யுங்கள், அங்கே காத்திருக்கும் கூட்டத்தில் அவரை உட்கார வைக்காதீர்கள்.

அதிகம் வந்த கேள்வி: நோயாளி வீட்டுக்குப் போன பிறகு எப்போது அறைக்குள் மாஸ்க் இல்லாமல் போகலாம்? அறைக் காற்று மணிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதைப் பொறுத்தது. மணிக்கு 12 முறை என்றால், காற்றில் மிதக்கும் துகள்களில் 99 விழுக்காடு வெளியேற 23 நிமிடம், 99.9 விழுக்காடு வெளியேற 35 நிமிடம். பழைய அறைகளில் 6 முறைதான் என்றால் 46, 69 நிமிடம். காற்று அறை முழுக்க நன்றாகக் கலக்கிறது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. மூலைகளில் காற்று தேங்கினால் இன்னும் நேரமாகும். நோயாளி கிளம்பிய நேரத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டுங்கள், கதவை மூடியே வையுங்கள். துப்புரவு செய்ய வரும் அக்காவுக்கு அந்தத் தாளைக் காட்டி, அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். அடுத்த நோயாளி அவசரப் பிரிவில் காத்திருக்கிறார் என்று துப்புரவு அக்காவை முன்கூட்டியே உள்ளே அனுப்ப வேண்டியிருந்தால், ஃபிட் டெஸ்ட் முடித்த என்95 அவர் முகத்திலும் இருக்க வேண்டும்.