சி.பி. குழந்தையைத் தண்ணீரில் இறக்கும்போது: சூடு, பிடி, மூச்சு

குளத்துக்குக் கிளம்பும் பையில் முதலில் ஒரு தெர்மாமீட்டர் போகட்டும். கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டும் தொட்டியில் மிதக்க விடுவார்களே, அந்த ரகம் போதும். மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி, சுருக்கமாக சி.பி.) உள்ள குழந்தைக்கு, அதிலும் கை கால் இறுக்கம் உள்ள குழந்தைக்கு, தண்ணீர் உதவுவதும் உபத்திரவம் ஆவதும் பெரும்பாலும் அதன் சூட்டைப் பொறுத்துத்தான். 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் தசை இளகும். நீச்சல் பழகுகிறவர்களுக்கான குளம் 27, 28 டிகிரியில் இருக்கும். கையைக் காலை வீசி நீந்துகிறவருக்கு அது சுகம். சும்மா தூக்கிப் பிடித்திருக்கும் குழந்தைக்கு அது குளிர். சில நிமிடங்களிலேயே முஷ்டி மூடும், தோள் காதுக்கு ஏறும், கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். அதன் பிறகு என்ன பயிற்சி கொடுத்தாலும் இறுக்கத்தோடு மல்லுக்கட்டுவதாகத்தான் முடியும்.

சென்னையில் வெந்நீர்க் குளம் எளிதில் கிடைக்காது. ஆனால் வெயில் இருக்கிறது. பங்குனியிலிருந்து ஆடி வரை, திறந்தவெளிக் குளத்தில் மாலை நான்கு மணிக்கு மேல் அளந்து பாருங்கள். காலை ஆறு மணிக்கு இருந்ததைவிட நல்ல சூடாக இருக்கும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் தை கடைசி வரை சூடேற்றாத குளத்தை மறந்துவிடலாம். எங்கள் கணக்கு இது: 31 டிகிரிக்குக் கீழே என்றால் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், 29க்குக் கீழே என்றால் இறக்கவே வேண்டாம். 36க்கு மேலும் கூடாது. குழந்தை துவண்டுபோகும், வலிப்பு உள்ள பிள்ளைகளில் சிலருக்கு உடம்பு சூடாவதே வலிப்பைத் தூண்டிவிடும்.

தண்ணீர் என்ன செய்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இடுப்பளவு தண்ணீரில் உடம்பு எடையில் ஏறத்தாழ பாதிதான் காலில் இறங்கும். மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு, கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. 18 கிலோ குழந்தை மார்பளவு தண்ணீரில் நின்றால் கால் தாங்குவது ஆறு கிலோ. தரையில் நிற்க முடியாத பிள்ளை இங்கே நிற்பது இதனால்தான். மூளையில் ஏற்பட்ட பாதிப்பை இது சரிசெய்யாது. தரையில் செய்யும் பிசியோவுக்கு மாற்றும் ஆகாது, துணைதான். ‘தண்ணி தெரபி கொடுத்தா ஆறு மாசத்துல நடந்துடுவான்’ என்று யாராவது சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் எழுந்து வந்துவிடுங்கள்.

இறங்குவதற்கு முன்

குழந்தையை ஒரு பிசியோதெரபிஸ்ட் மதிப்பிட்டிருக்க வேண்டும். கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம், முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் என்று சி.பி. குழந்தைகளை நன்கு அறிந்த இடங்கள் ஊரிலேயே உள்ளன. மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். உட்கார, நிற்க, நடக்க எவ்வளவு முடிகிறது என்பதை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். அளவில் குழந்தை எத்தனையாவது நிலை? இறுக்க வகையா, தானாகக் கை கால் அலையும் வகையா, தள்ளாட்ட வகையா? இடுப்பு மூட்டு எக்ஸ்ரே எப்படி இருக்கிறது? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நடக்காத பிள்ளைகளுக்குத் தொடை எலும்பு மூட்டிலிருந்து மெல்ல மெல்ல நழுவுவது அடிக்கடி நடப்பது. அது தெரியாமல் தண்ணீரில் காலை அகட்டினால் வலிதான் மிஞ்சும்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஆறாத புண், காதில் சீழ், கட்டுக்குள் வராத வலிப்பு, மூச்சுவிடத் தொண்டையில் துளையிட்டுப் போட்ட குழாய், இவற்றில் எது இருந்தாலும் குளம் கிடையாது. வயிற்றில் உணவு கொடுக்கும் குழாய் போட்டிருந்தால் புண் நன்றாக ஆறியபின், மருத்துவர் சம்மதித்தால் இறக்கலாம். வயிற்றுப்போக்கு நின்ற மறுநாளே கிளம்பிவிட வேண்டாம், குறைந்தது இரண்டு நாள் போகட்டும். வலிப்பு மாத்திரையை அன்றைக்கு மட்டும் தள்ளிப்போடுவது பெரிய தவறு. சாப்பாட்டுக்கும் குளத்துக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும், எதுக்களிக்கும் பிள்ளைக்கு ஒன்றரை மணி.

குளத்துக்காரரிடம் குளோரினும் பி.எச். அளவும் கேளுங்கள். குளோரின் 1 முதல் 3 பி.பி.எம்., பி.எச். 7.2 முதல் 7.8. வாசலிலேயே கண் எரிகிறது, மூக்கில் காரமாக ஏறுகிறது என்றால் தண்ணீர் ரொம்பச் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்தால் வரும் வாடை அது. இளைப்பு உள்ள பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அப்படியே திரும்பிவிடுங்கள்.

உடை: உடம்போடு ஒட்டும் லைக்ரா. பருத்தி பனியனும் பேன்ட்டும் தண்ணீர் குடித்துக் கனக்கும், வெளியே வந்ததும் குளிரடிக்கும். சாதாரண டயாபர் ஊதிப் பந்தாகிவிடும், நீச்சலுக்கென்றே விற்கும் டயாபர் வேண்டும். காலைத் தேய்த்து நடக்கும் பிள்ளைக்கு ஒரு ஜோடி நீச்சல் சாக்ஸ் அவசியம். சொரசொரப்பான டைல்ஸில் கட்டைவிரல் நுனி தோல் வழண்டுவிடும். தண்ணீரில் ஊறிய தோல் என்பதால் பிள்ளைக்கே உடனே தெரியாது, வெளியே வந்து ரத்தத்தைப் பார்த்தபின்தான் நமக்குத் தெரியும்.

பிடி

பயிற்சிகளின் பெயரை மனப்பாடம் செய்வதைவிட இதைக் கற்றுக்கொள்வது முக்கியம். பெரும்பாலான பெற்றோர் முதல் நாள் செய்வது: குழந்தையை மல்லாக்கப் போட்டு, ஒரு கை கழுத்தடியில், இன்னொரு கை முழங்காலடியில். தலை பின்னுக்குச் சாய்ந்த கணமே இறுக்க வகைக் குழந்தைக்கு முதுகு வில்லாக வளையும், கால் நீண்டு விறைக்கும், வாயும் திறந்துகொள்ளும். பிள்ளை பயந்து அடம்பிடிக்கிறது என்று நாம் நினைப்போம். அது அடம் இல்லை, தலையின் நிலை உடம்பு முழுவதையும் இழுக்கும் அனிச்சை.

முதல் சில நாட்களுக்கு நம் வீடுகளில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள்கிறோமே, அந்தப் பிடிதான் நல்லது. குழந்தையின் கால்கள் உங்கள் இடுப்பின் இருபுறமும் அகன்றிருக்கும், இடுப்பும் முழங்காலும் மடங்கியிருக்கும். பின்னிக்கொள்ளும் காலை இது தானாகவே பிரித்துவைக்கும். நீங்கள் முழங்காலை மடக்கித் தாழுங்கள், பிள்ளையின் தோள் வரை தண்ணீர் வரட்டும். தோள் வெளியே இருந்தால் காற்றுப்பட்டுக் குளிரும். உங்கள் முகமும் பிள்ளையின் முகமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். அண்ணாந்து பார்க்க வைத்தால் தலை மறுபடி பின்னே போகும்.

அடுத்தது நாற்காலிப் பிடி. குழந்தையின் முதுகு உங்கள் மார்பில், உங்கள் முன்னங்கை இரண்டும் அதன் தொடைக்கடியில். கண்ணுக்குத் தெரியாத ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது போல. இதிலும் இறுக்கம் வந்தால் முழங்கால்களை இன்னும் கொஞ்சம் மார்பை நோக்கி ஏற்றுங்கள், இளகும். விரல்களால் இறுக்கிப் பற்றாதீர்கள். உள்ளங்கையைத் தட்டாக விரித்து, தாங்க மட்டும் செய்யுங்கள்.

மல்லாந்து மிதப்பது இதற்கெல்லாம் பிறகு. அப்போதும் கையை வைக்கும் இடம் தோள்பட்டை எலும்பும் இடுப்பும்; தலை உங்கள் தோளில் சாயட்டும், மோவாய் லேசாக உள்ளே இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட பிள்ளை இறுக்கமான பக்கமாகவே உருளும், அந்தப் பக்கம் தாழ்வதால். தலையை மறுபக்கம் திருப்பச் சொன்னால் சமன் ஆகும். பொம்மையை அந்த மறுபக்கம் பிடியுங்கள், சொல்லவே வேண்டாம்.

கழுத்தில் மாட்டும் காற்று வளையத்தை இணையக் கடைகளில் ‘தெரபி’ என்றே போட்டு விற்கிறார்கள். வாங்காதீர்கள். சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது. மூச்சுத் திணறலும் கழுத்துக் காயமும் காரணம். கையில் மாட்டும் காற்றுப் பைகளும் தோளை மேலே தூக்கி, சமநிலை பழகுவதைக் கெடுக்கும். ஜேம்ஸ் மெக்மில்லன் 1949இல் லண்டன் ஹாலிவிக் பள்ளியில் தொடங்கிய, மாற்றுத்திறனாளிகளுக்கு நீச்சல் பழக்கும் முறை இன்றும் மிதவை இல்லாமல்தான் நடக்கிறது. ஒரு குழந்தைக்கு ஒரு ஆள், தாங்கும் கை மெல்ல மெல்லக் குறையும். அதன் பத்துப் படிகளில் முதலாவதே தண்ணீருக்கு மனம் பழகுவதுதான்.

மூச்சு

மோவாய் தண்ணீருக்கு அருகே வரும்போதெல்லாம் ‘உஃப்ஃப்’ என்று நீங்கள் ஊதிக் காட்டுங்கள். பிள்ளை பார்த்துச் செய்யும். டேபிள் டென்னிஸ் பந்தை மிதக்கவிட்டு ஊதி விரட்டலாம். ஊதுகிற வாய்க்குள் தண்ணீர் போகாது என்பதுதான் இதன் சூட்சுமம். உதடு மூட முடியாத பிள்ளைக்கு ஊதல் வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை முகம் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும். ‘ஒரு முக்கு முக்கி எடுத்தா பயம் தெளிஞ்சுடும்’ என்று பக்கத்தில் யாராவது யோசனை சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

முப்பத்தைந்து நிமிடம்

முதல் ஐந்து நிமிடம் இடுப்பில் வைத்து நடப்பதும் ஊதுவதும் மட்டுமே. அடுத்த பத்து நிமிடம் ஆட்டம்: நாற்காலிப் பிடியிலேயே குழந்தையை இடமும் வலமும், தூளி ஆடும் வேகத்தில். தண்ணீர் விலாவைத் தடவிப் போகும்போது உடம்பின் இறுக்கம் தளர்வது உங்கள் கைக்கே தெரியும். வேகம் கூடினால் பலன் தலைகீழாகும். தானாகக் கை கால் அலையும் வகைப் பிள்ளைக்குத் தண்ணீர்க் கலக்கமே ஆகாது; அவர்களுக்கு அசையாத தண்ணீரில் அசையாமல் உட்கார்ந்திருப்பதே பெரிய பயிற்சி.

தளர்ந்தபின் பதினைந்து நிமிடம் வேலை. நடை பழக்க, மார்பளவு தண்ணீரில் பிள்ளையை நிறுத்தி, எதிரே நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பின்னோக்கி நடங்கள். உங்கள் முதுகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்போது உங்களுக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு இழுப்பு உண்டாகும், அது பிள்ளையை முன்னே கொண்டுவரும். பக்கத்தில் நின்று கையைப் பிடித்து இழுத்தால் இந்த உதவி கிடைக்காது, பிள்ளை நுனிக்காலில் ஏறிவிடும். குதிகால் தரையைத் தொடவில்லை என்றால் தண்ணீர் ஆழம் அதிகம் என்று அர்த்தம், ஒரு படி மேடான இடத்துக்கு வாருங்கள். கைக்கு: மிதக்கும் மூடிகளைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடுவது. கடைசி ஐந்து நிமிடம் மறுபடி ஆட்டம், மிதப்பு.

உதடு நீலம் பாய்ந்தால், நடுங்கினால், கொட்டாவி விட்டுக் கண் சொருகினால் கடிகாரம் பார்க்காமல் கரையேறுங்கள். முதல் வாரம் பதினைந்து, இருபது நிமிடமே போதும். பிறகு வாரம் இரண்டு முறை, பத்து வாரமாவது தொடர்ந்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

வீட்டில் காற்றுத் தொட்டி வைப்பவர்களுக்கு

ஆறடி வட்டத் தொட்டியில் 40 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் சுமார் ஆயிரம் லிட்டர், அதாவது ஒரு டன். சதுர மீட்டருக்கு 400 கிலோ. வீட்டு மொட்டை மாடி இந்தியத் தரநிலைப்படி தாங்க வேண்டியது சதுர மீட்டருக்கு 150 கிலோதான். தரைத்தளத்தில் மட்டும் வையுங்கள். 29 டிகிரியில் இருக்கும் ஆயிரம் லிட்டரை 33க்குக் கொண்டுவர 60 டிகிரி கீசர் தண்ணீர் ஏறக்குறைய 150 லிட்டர் கலக்க வேண்டும். 25 லிட்டர் கீசரை ஆறு தடவை ஓட்ட வேண்டியிருக்கும். கலக்கி, அளந்து, பிறகுதான் குழந்தை. உள்ளே குழந்தை இருக்கும்போது வெந்நீர் ஊற்றாதீர்கள். வாட்டர் ஹீட்டர் ராடு தொட்டிப் பக்கமே வரக் கூடாது. குளோரின் போடாவிட்டால் அன்றைய தண்ணீரை அன்றே செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

தவறினால்

தண்ணீரில் வலிப்பு வந்தால் முகத்தை மேலே பிடித்து, சுவரிலிருந்து விலகி, தாங்கி நில்லுங்கள். உதறல் அடங்கியதும் கரையேற்றி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாவிக்கொத்து, இரும்பு எதுவும் கையில் திணிக்க வேண்டாம், வாயிலும் எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ தண்ணீர் உள்ளே போயிருந்தாலோ 108. வலிப்பு இல்லாவிட்டாலும், புரையேறிய பிள்ளை வீட்டுக்கு வந்தபின் விடாமல் இருமினாலோ, வேகமாக மூச்சுவிட்டாலோ, வழக்கத்துக்கு மாறாகத் துவண்டாலோ அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கரையேறுவதையும் அவசரமில்லாமல் செய்யுங்கள். தண்ணீரில் லேசாக இருந்த உடம்பு படியில் வைத்ததும் திடீரென்று கனக்கும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் உட்கார வையுங்கள். துண்டைக் கையெட்டும் இடத்தில் வைத்திருங்கள், முதலில் தலை, பிறகு உடம்பு. நல்ல தண்ணீரில் ஒரு குளியல், குடிக்க இளநீரோ மோரோ. உடம்பு சூடாக இருக்கும் அடுத்த அரை மணி நேரத்தை வீணாக்காதீர்கள். பிசியோ சொல்லிக்கொடுத்த நீட்டல்கள் அப்போது எளிதாக வரும், கணுக்காலை நேராகப் பிடித்துவைக்கும் ஸ்பிளின்டும் அழாமல் ஏறும். வண்டியில் தூங்கிப்போவதற்குள் ஒரு நோட்டில் குறித்துவிடுங்கள்: தண்ணீர் எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், குதிகால் எத்தனை தடவை தரையைத் தொட்டது.